கண்ணாடி அடுப்பும் உப்புக்கண்டமும்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. குர்பானி இறைச்சியில் உறவினருக்கும் ஏழைகளுக்கும் உரியதைக் கொடுத்த பிறகு, வீட்டுக்கென்று எஞ்சியதை எப்படிக் காப்பது? நம் பாட்டிமார் காலத்தில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது. இன்றோ குளிர்பதனப் பெட்டி, கண்ணாடிப் பாட்டில், மின்சார அடுப்பு என்று விடைகள் பெருகிவிட்டன. விடைகள் பெருகும்போது அவற்றுள் ஆபத்தான விடையும் ஒன்று கலந்துவிடுவதுண்டு. அதைப் பற்றித்தான் உங்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் வாழ்வது மரக்காணம் உப்பளக் கரையில். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சென்றவர்கள் எங்கள் ஊரைக் கடந்திருப்பீர்கள். சாலையோரம் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியது போல் மின்னும் பாத்திகளையும், ஓலை வேய்ந்த வெள்ளைக் குவியல்களையும் பார்த்திருப்பீர்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்தப் பகுதியே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்ற உமணரைச் சங்கப் புலவர்கள் பாடிய காலத்திலிருந்தே இந்தக் கடற்கரைக்கு உப்புதான் செல்வம்.

ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி மிதித்துச் சமன் செய்வார்கள். உப்புநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிடுவார்கள். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புத்தான் உண்டு. அந்த நீர் சுண்டிச் சுண்டி, போமே அளவுகோலில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது உப்பு மணிமணியாகக் கட்டத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்துகள் தனியே படிந்துவிடும். 30 பாகைக்கு மேல் சுண்டவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். அளவு கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. வடகிழக்குப் பருவமழை வரும் வரையில் இந்த உழைப்புத் தொடரும்.

இந்த உப்பை வைத்தே என் நன்னி உப்புக்கண்டம் போடுவார்கள். இறைச்சியைக் கொழுப்பு நீக்கி, விரல் பருமனுக்கும் குறைவான நீள்துண்டுகளாக அரிவார்கள். கல்லுப்பும் மஞ்சளும் மிளகாயும் தாராளமாகப் பிசறி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கோணி ஊசியால் நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள். மெல்லிய துணியால் மூடி, ஈ அண்டாமல் காவல் இருப்பது எங்களைப் போன்ற சிறுவர் சிறுமியரின் வேலை. மாலையானதும் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். நான்கைந்து நாள் கடுவெயிலில் காய்ந்ததும், துண்டை ஒடித்தால் சுள்ளி போல் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் வெயில். வானம் மூடியிருந்தால் அந்த ஆண்டு உப்புக்கண்டமே இல்லை. எல்லாவற்றையும் சமைத்துப் பகிர்ந்துவிடுவார்கள். அரபு நாட்டு மக்களும் தொன்றுதொட்டு இறைச்சியை உலர்த்திச் சேமித்து வந்துள்ளனர். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் கதீத்.

நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர்கள் செய்த ஒவ்வொன்றிலும் ஓர் அறிவியல் அடங்கியிருந்தது. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு உயிர்வாழ ஈரம் வேண்டும். உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெயில் எஞ்சியதைப் போக்குகிறது. ஈரமில்லாத இடத்தில் நஞ்சு பிறக்காது. இதுவே உப்புக்கண்டத்தின் முழு இரகசியமும்.

இனி, இந்தக் கட்டுரைக்குக் காரணமான செய்திக்கு வருகிறேன். என் தங்கை மகளின் கணவர் வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தபோது, மேலே கருங்கண்ணாடி பதித்த மின்சார அடுப்பு ஒன்றை வாங்கி வந்தார். தீயும் இல்லை, புகையும் இல்லை, கரியும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் கம்பிச் சுருள் செந்நிறமாய் ஒளிர்ந்து பாத்திரத்தைச் சூடாக்கும். ஊரார் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

கணவர் திரும்பிச் சென்ற பின் வந்த பெருநாளில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "பெரியம்மா, குர்பானி கறியை வதக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, மூடியோடு தண்ணீரில் வைத்து வேகவிட்டால் ஒரு வருஷம் கெடாதாமே! வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்களாம். அவருக்கு ஆறு பாட்டில் செய்து அனுப்பப் போகிறேன். பெரிய தேக்சாவை ஒருநாள் இரவல் கொடுங்கள்" என்றாள்.

அவள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தபோது மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. கணவனுக்கு ஊர்ச் சோற்றின் ருசியை அனுப்ப விரும்பும் மனைவியின் அன்பை யார் குறை சொல்ல முடியும்? ஆனாலும் தேக்சாவை நான் கொடுக்கவில்லை. உட்கார வைத்து, இரண்டு காரணங்களை விளக்கிச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதற்காரணம், பாட்டிலுக்குள் இருப்பது.

உணவைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையை உலகுக்குத் தந்தவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சு மிட்டாய் வணிகர். அதற்காக அந்நாட்டு அரசு அவருக்குப் பன்னிரண்டாயிரம் பிராங்கு பரிசளித்தது. 1810-இல் அவர் தம் முறையை நூலாக வெளியிட்டார். அப்போது உணவு ஏன் கெடுகிறது என்பது அவருக்கும் தெரியாது, மற்றவர்க்கும் தெரியாது. அரை நூற்றாண்டுக்குப் பின் லூயி பாஸ்டர்தான் நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார்.

1895-இல் பெல்ஜியம் நாட்டின் எல்செல் என்னும் சிற்றூரில், சாவுச் சடங்குக்கு வந்த இசைக்குழுவினர், உப்புநீரில் இட்டு வைத்திருந்த இறைச்சியை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்ற அறிஞர், அந்த நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரைக் கண்டறிந்து 1897-இல் வெளியிட்டார். இன்று அதற்குக் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்று பெயர். அதனால் வரும் நோய் போட்டுலிசம்.

சகோதரிகளே, இந்த நுண்ணுயிரின் இயல்பை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். இது மண்ணில் வாழ்வது. ஆகவே காய்கறியிலும் இறைச்சியிலும் எப்படியும் ஒட்டி வரும். காற்றுள்ள இடத்தில் இது வளராது. காற்றில்லாத இடத்தில் வளரும். இறுக மூடிய பாட்டிலைப் போல் காற்றில்லாத இடம் இதற்கு வேறு எது? துன்பமான காலத்தில் இது வித்தாக மாறி உறங்கும். அந்த வித்து, கொதிக்கும் நீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ். இந்த வித்தை நம்பகமாக அழிக்க 121 பாகை அளவுக்கு வெப்பம் வேண்டும். அழுத்தத்தில் வேகவைத்தால் ஒழிய அந்த வெப்பம் கிட்டாது.

ஆகவே, தேக்சாவில் வைத்து நாள் முழுதும் கொதிக்க வைத்தாலும் இறைச்சிப் பாட்டிலில் மற்றக் கிருமிகள் சாகும். இது மட்டும் பிழைக்கும். போட்டியிட மற்றொரு கிருமியும் இல்லாத அந்த வீட்டில் தனியரசு செய்யும். பாட்டில் சில வேளைகளில் உப்பிக்கொள்ளும். சில வேளைகளில் நிறமும் மணமும் சற்றும் மாறாமலே இருக்கும். எனவே முகர்ந்து பார்த்தும், சிறிது சுவைத்துப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தச் சிறிதே போதும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் கண் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, பின் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். இத்தகைய அறிகுறிகள் தோன்றினால் கைமருத்துவம் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உண்டதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இது இறைச்சிக்கு மட்டுமான ஆபத்து அன்று. மீன், இறால், பயறு, பீன்ஸ், சோளம் என்று புளிப்பில்லாத அனைத்துக்கும் இதே கதிதான். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைப்பதும் இதில் சேரும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் இட்ட பூண்டினால் ஓர் உணவகத்தில் உண்ட பலர் இந்நோய்க்கு ஆளாயினர்.

"நம் வீட்டுப் பிரஷர் குக்கர் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் தங்கை மகளும் அதையே கேட்டாள். குக்கருக்குள் வெப்பம் 121 பாகையை நெருங்குவது உண்மைதான். ஆனால் பாட்டிலின் நடுவில் இருக்கும் கறிக்கு அந்த வெப்பம் சென்று சேர நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே அழுத்தமானி பொருத்திய பெரிய கலங்கள் உண்டு. ஆராய்ந்து வகுத்த கணக்கின்படி, எலும்பில்லாத இறைச்சித் துண்டுகளுக்கு அரை லிட்டரை ஒத்த பாட்டிலானால் 75 நிமிடமும், ஒரு லிட்டரை ஒத்ததானால் 90 நிமிடமும், அழுத்தம் சற்றும் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இடையில் அழுத்தம் குறைந்துவிட்டால் முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பருப்பு வேகவைக்கும் சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். அந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இரண்டாம் காரணம், பாட்டிலுக்கு அடியில் இருப்பது. அதாவது அடுப்பு.

இன்று நம் வீடுகளில் கண்ணாடி அடுப்பு என்ற பெயரில் இரண்டு வகைகள் உள்ளன. இரண்டும் ஒன்றல்ல. எரிவாயு அடுப்பின் மேல் பலகையாக இருப்பது கடினமாக்கப்பட்ட சாதாரணக் கண்ணாடி. கண்ணாடியை நன்கு சூடாக்கித் திடீரென்று குளிர்வித்து அதற்கு வலிமை ஏற்றுகிறார்கள். தீ நேராக அதன்மேல் படுவதில்லை. ஆனால் அடுப்பின் வட்டத்தைவிட மிகப் பெரிய அண்டாவையோ தேக்சாவையோ ஏற்றினால், தீயின் வெப்பம் பாத்திரத்தின் அடியில் மோதிக் கீழே திரும்பிக் கண்ணாடியைத் தாக்கும். சூடாயிருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தாலும், விளிம்பில் ஏதேனும் மோதினாலும், பலகை ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான சிறு துணுக்குகளாகச் சிதறிவிடலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நோன்புக் கஞ்சிக்கான பெரிய பாத்திரத்தை ஏற்றியபோது அப்படித்தான் ஆயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் குழந்தைகள் அப்போது அடுப்படியில் இல்லை.

மின்சார அடுப்பில் இருப்பது கண்ணாடிப் பீங்கான். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்பவர் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, சூளையின் வெப்பம் அளவு மீறிப்போனது. உள்ளிருந்த கண்ணாடி உருகியிருக்கும் என்று எண்ணி எடுத்தார். அது கைதவறிக் கீழே விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் வளர்ந்து புதுப்பொருளாக மாறியிருந்தது. இன்று அடுப்புகளில் பதிக்கும் கண்ணாடிப் பீங்கான் சூட்டில் ஏறத்தாழ விரிவதே இல்லை. அதனால் கொதிக்கும் அடுப்பில் குளிர்ந்த நீர் பட்டாலும் தாங்கும். ஆனால் சூட்டைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. கனமான பாத்திரத்தைத் தொப்பென்று வைத்தால் அதுவும் விரிசல் கண்டுவிடும்.

ஏழெட்டுப் பாட்டில்களும் நீரும் நிறைந்த பெரிய கலம் இருபது கிலோவைத் தாண்டிவிடும். அந்த எடையை அடுப்புத் தாங்குமா என்பதை அதனுடன் வந்த கையேட்டில் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் இத்தகைய கலத்தையே வைக்கக்கூடாது என்று தடுத்துள்ளன. மேலும், கண்ணாடி அளவு மீறிச் சூடாகாமல் இருக்க, அந்த அடுப்பு தானாகவே அணைந்து அணைந்து எரியும் அமைப்புடையது. குழம்பு வைக்க இதனால் இடையூறில்லை. விடாமல் கொதிக்க வேண்டிய பாட்டிலுக்கும், குறையாத அழுத்தம் வேண்டிய கலத்துக்கும் இது பெரும் இடையூறு. அடுப்பின் மீது பழி சுமத்திப் பயனில்லை; அது தன்னைக் காத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் உணவைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

அப்படியானால் பாட்டிலில் அடைப்பதே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் 4.6-க்குக் கீழே இருக்கும் புளிப்பான உணவில் அந்தக் கொடிய வித்து முளைக்காது. எலுமிச்சை, மாங்காய், நெல்லி, பழ ஜாம், வினிகரில் இட்ட காய் ஆகியவற்றைக் கொதிநீர் முறையில் தாராளமாகக் காக்கலாம். தக்காளி அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கும் பழம். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்காமல் அதை அடைக்கக் கூடாது. உப்பை மட்டுமே நம்பிய ஊறுகாயானால், ஊறும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையாமல் உப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. கை நடுங்கி உப்பைக் குறைப்பவர்கள் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் உண்டுவிடுவதே நலம்.

கண்ணாடி அடுப்பில் இந்தப் புளிப்பு வகைகளைப் பாட்டிலில் அடைக்க விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தின் அடி முற்றிலும் தட்டையாக இருக்கட்டும். குழிந்ததும் வரி விழுந்ததும் ஆகாது. அடுப்பில் வரைந்த வட்டத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் பாத்திரம் வெளியே நீள வேண்டாம். சிறு பாத்திரத்தில், ஒரு தடவைக்கு மூன்று நான்கு சிறு பாட்டில்களே போதும். அடியில் கம்பித் தட்டோ மடித்த துணியோ இட்டு அதன்மேல் பாட்டில்களை நிறுத்துங்கள். சூடான பாட்டிலில் சூடான பண்டத்தையே நிரப்புங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் பண்டத்தை ஊற்றினால் பாட்டில் வெடிக்கும். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்கட்டும். நீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். அரை லிட்டருக்கு உட்பட்ட ஜாம் பாட்டிலுக்குப் பத்து நிமிடம் போதும்.

பாத்திரத்தைக் கண்ணாடியின்மேல் இழுக்காதீர்கள். தூக்கி வையுங்கள், தூக்கி எடுங்கள். சர்க்கரைப் பாகு சிந்திவிட்டால் ஆறும் வரை காத்திருக்கக் கூடாது. ஆறியபின் அது கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வரும். அடுப்பை அணைத்துக் கையைச் சுட்டுக்கொள்ளாமல் உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். அணைந்த அடுப்பும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். தீ தெரியாததால் குழந்தைகள் கை வைத்துவிடுவார்கள். காந்த முறையில் சூடாகும் இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்போர், அலுமினியப் பாத்திரம் அதில் சூடேறாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மயிரிழை விரிசல் கண்ட அடுப்பை, எந்த வகையானாலும், அன்றே நிறுத்திவிடுங்கள்.

குளிர்பதனப் பெட்டி இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். எங்கள் கரையில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் உப்பளங்கள் வெள்ளக்காடாயின. புயல் வந்தால் முதலில் போவது மின்சாரம். மின்சாரம் போனால் உறைபனிப் பெட்டியில் இருக்கும் இறைச்சியின் ஆயுள், பெட்டியைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள்தான். கண்ணாடி மின்னடுப்பும் அப்போது வெறும் பலகையே. உப்பும் வெயிலும் கற்றுத்தந்த கலையை நாம் முற்றிலும் மறந்துவிடலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உப்புக்கண்டத்தை நீரில் நன்கு ஊறவைத்து, உப்பை இறக்கிய பின்பே சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை ஒதுக்கிவிடுவதே நன்று.

மேலும் ஒரு செய்தியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வறுமையுற்ற மக்கள் மதீனாவை நாடி வந்த ஓராண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கிய அடுத்த ஆண்டில் சேமித்துக்கொள்ள அனுமதித்தார்கள். சேமிப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஆயினும் பசித்தவர் பக்கத்தில் இருக்கும்போது பாட்டிலைப் பற்றிய கவலை இரண்டாவதுதான்.

என் தங்கை மகள் முதலில் சிறிது வாடினாள். பிறகு அவளே கணவருக்குத் தொலைபேசியில் பேசி, அங்கே இறைச்சி கொண்டு வருவதற்கு என்ன விதி என்று கேட்டறிந்தாள். அந்நாட்டில் இறைச்சிப் பண்டத்தைப் பயணப் பையில் அனுமதிப்பதில்லை என்று தெரிந்தது. கறிக்குப் பதிலாக நான்கு சிறு பாட்டில்களில் எலுமிச்சை ஊறுகாயும் மாங்காய்த் தொக்கும் செய்தாள். ஊருக்குத் திரும்பும் உறவினர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்தனுப்பினாள். கறியைப் பாதி உறவுக்கும் அண்டை அயலாருக்கும் பங்கிட்டு, மீதியை என்னோடு அமர்ந்து அரிந்து நூலில் கோத்தாள். கோணி ஊசி பிடிக்கும் விதம் இப்போது அவளுக்குக் கைவந்துவிட்டது.

சகோதரிகளே! புதிய சாதனங்களை வெறுக்க வேண்டியதில்லை, வரவேற்போம். ஆனால் ஒவ்வொரு சாதனமும் எந்த வேலைக்காக ஆக்கப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவோம். நம் கையால் சமைத்ததை நம்பி உண்பவர்கள் நம் பிள்ளைகளும் பெற்றோரும் கணவருமே. புளிப்பில்லாத பண்டம் எதையும் வீட்டில் பாட்டிலில் அடைத்து வெளியில் வைப்பதில்லை என்று இந்தப் பெருநாளுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அடுப்பின் கையேடு அலமாரியில் எங்கேனும் கிடக்கும். அதை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களிடமிருந்து உப்புக்கண்டம் போடும் பக்குவத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.